கடிதத்தில் எழுதாத ஊசி

புதன்கிழமை காலையிலேயே ஜுலைகா சொல்லிவிட்டாள். வெற்றிச்செல்வி ஊசி டிரேயோடு மூன்றாம் கட்டிலுக்கு வந்தபோது, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தவள் நின்று, “சிஸ்டர், புள்ள நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணுக்கே போவல” என்றாள்.

“நாலு நாளா வயித்தால போயிருக்குல்ல, உடம்புல தண்ணி கொறைஞ்சிருக்கும். டிரிப்ஸ் ஏறுனா தானா போயிடும்” என்று சொல்லிவிட்டு வெற்றிச்செல்வி குழந்தையின் தொடையைப் பஞ்சால் துடைத்து ஊசியைக் குத்தினாள். நான்கு வயது ருமைசாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. முகத்தைச் சுளித்து, அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். அது ஐந்தாவது ஊசி. அன்று சாயங்காலம் ஆறாவதையும் வெற்றிச்செல்விதான் போட்டாள்.

பிறகு எத்தனையோ நாள் அந்தப் புதன்கிழமைக் காலையை அவள் மனதுக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறாள். தாய் சொன்னது காதில் விழுந்தது. பதிலும் சொன்னாள். ஆனால் கேஸ் ஷீட்டில் அதை எழுதவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு வார்டில் பன்னிரண்டு கட்டிலும் நிரம்பி, இரண்டு குழந்தைகள் தரையில் பாயில் கிடந்தன என்பதெல்லாம் உண்மைதான். அந்த உண்மை அவளுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கோடை அது. அக்கினி வெயில் முடிவதற்குள் பெரம்பலூரைச் சுற்றியிருந்த ஊர்களில் கிணறுகள் அடிமண் தெரிய வற்றிவிட, கலங்கல் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்துகொண்டிருந்தது. டாக்டர் ராசாங்கத்தின் நர்சிங் ஹோம் முன்னால் காலை ஏழு மணிக்கே செருப்புகள் குவிந்துவிடும். பதினெட்டு வருஷமாக அந்த ஊரில் வைத்தியம் பார்ப்பவர். கைராசிக்காரர் என்று பெயர். கீழப்பழுவூரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே நாளைக் கழித்த வேம்புவின் மகள் வெற்றிச்செல்வி, நர்ஸ் படிப்பை முடித்து அங்கே சேர்ந்து மூன்று வருஷமாகியிருந்தது. அவர்கள் தெருவிலிருந்து வெள்ளைச் சேலை கட்டி வேலைக்குப் போன முதல் பெண் அவள். ராசாங்கம் டாக்டர் அவளைத்தான் நம்பி வார்டை விட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் டூட்டிக்கு வந்தபோது ஜுலைகா நடக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்து எதையோ கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக் கொலுசு. நேற்றுவரை கணுக்காலில் தொளதொளவென்று கிடந்தது, இப்போது சதைக்குள் பதிந்து கிடந்தது.

வெற்றிச்செல்வி குனிந்து பார்த்தாள். குழந்தையின் கண்ணிமைகள் உப்பியிருந்தன. விரலால் காலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

“நேத்து போனாளா?”

“விடியக்கால துணி லேசா நனைஞ்சிருந்துச்சு. அவ்வளவுதான். அதுவும் டீத்தண்ணி கலர்ல.” ஜுலைகா கொலுசிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். “இப்ப தூங்குறாளா மயங்கிக் கெடக்குறாளான்னே தெரியல சிஸ்டர்.”

டிரேயில் ஏழாவது ஊசி தயாராக இருந்தது. ஜென்டாமைசின். அந்த நர்சிங் ஹோமில் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு என்று வரும் எந்தக் குழந்தைக்கும் காலையும் மாலையும் அதுதான். வெற்றிச்செல்வி ஊசியைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். படித்த காலத்தில் மருந்துகளைப் பற்றிய பாடத்தில் அந்தப் பெயருக்குக் கீழே இரண்டே வரிதான் இருந்தது. காதையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள், நீர் குறைந்த உடம்பில் கவனமாயிரு என்று. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரிகள். மூன்று வருஷத்தில் ஒரு நாளும் நினைவுக்கு வராதவை, கொலுசு பதிந்த அந்தக் காலைப் பார்த்ததும் வந்து நின்றன.

வாஷ் பேசினில் ஊசி மருந்தைப் பீச்சிவிட்டுத் திரும்பினாள். டைபாய்டு இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கும்படி டாக்டர் முந்தின நாளே எழுதியிருந்தார். ரத்தத்தை எடுத்துக்கொண்டு அவளே கீழே இருந்த லேபுக்குப் போனாள். லேபைப் பார்த்துக்கொண்ட மதுரைவீரனிடம், கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிய யூரியாவும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்த்துக் கொடுங்கள் என்றாள். சீட்டில் அது இல்லையே என்று அவர் கேட்டார். டாக்டர் சொன்னார் என்று பொய் சொல்லி, அவர் பேனாவையே வாங்கித் தன் கையால் எழுதினாள்.

அடுத்த இரண்டு மணி நேரமும் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வார்டில் இந்தக் கட்டிலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் போனாள், மாற்ற வேண்டாத படுக்கை விரிப்பை மாற்றினாள், படியிறங்கி லேப் கதவை எட்டிப் பார்த்துவிட்டு ஏறினாள். நினைவு திரும்பத் திரும்பச் செட்டிகுளத்துப் பையனிடமே போய் நின்றது. ரஞ்சித்குமார் என்று பெயர், ஐந்து வயது. பங்குனியில் இதேபோல வந்து, இதே ஊசி போட்டு, ஐந்தாம் நாள் முகம் வீங்கியது. காத்துக் கருப்பு ஏதோ பட்டுவிட்டது என்று சொல்லி, அவனுடைய தகப்பன் இராமலிங்கம் தன் பொறுப்பில் கூட்டிப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனார். ஒரு வாரம் கழித்துக் குழந்தை தவறிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். வயிற்றுப்போக்கில் எத்தனையோ குழந்தைகள் போகின்றன என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பத்தரை மணிக்கு மதுரைவீரன் சீட்டைக் கொடுத்தபோது அவர் முகமே சரியில்லை. “ரெண்டு தடவ போட்டுப் பாத்தேம்மா” என்றார். யூரியா நூற்று நாற்பது. கிரியேட்டினின் நான்கே முக்கால். இந்த வயதில் அது அரைக்கு மேல் இருக்கக் கூடாது.

டாக்டர் ராசாங்கம் அறையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் சீட்டை மேஜையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு, இதை யார் எழுதச் சொன்னது என்று கேட்டார். நான்தான் சார் என்றாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக்கூட எடுக்காமல் எழுந்து வார்டுக்கு வந்தார். குழந்தையின் காலை அழுத்திப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த டிரிப்ஸைத் தன் கையாலேயே நிறுத்தினார். அந்த நிமிஷம் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று வெற்றிச்செல்விக்குத் தோன்றியது. ஜுலைகாவைப் பார்த்து, திருச்சிக்கு உடனே கொண்டு போங்கம்மா, லெட்டர் தருகிறேன் என்றார்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜுலைகாவின் தம்பி ஆசிப் முந்தின நாளே மாருதி வேனோடு வந்து வாசலில் நின்றிருந்தான். ஜுலைகாவின் கணவர் அப்துல் லத்தீப் குவைத்தில். அவர் வாரத்துக்கொரு முறை பக்கத்து வீட்டு போனுக்குப் பேசுவார். அடுத்த பேச்சு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகுதான். அதுவரை அவருக்குச் சொல்ல வழியில்லை.

கடிதம் நான்கு வரி இருந்தது. உறையில் போடுவதற்கு முன் வெற்றிச்செல்வி படித்தாள். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல். சிறுநீர் குறைவு. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது.

“சார், ஜென்டா ஆறு டோஸ் போயிருக்கு. காய்ச்சலுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி ரெண்டு. அது இதுல இல்லியே.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். “அங்க இருக்குறவங்க பெரிய டாக்டருங்க. அவங்களுக்குத் தெரியாததா. நீ போய் வேலையப் பாரு.”

அவள் போகாமல் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார்.

வேன் கிளம்பும்போது ஜுலைகா மடியில் கிடந்த மகளின் தலையைத் தாங்கியபடி ஜன்னல் வழியாகக் கேட்டாள். “சிஸ்டர், வந்தப்ப வயித்தால போனதுதானே இருந்துச்சு. இது என்னத்தால வந்துச்சு?”

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். வேன் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் டாக்டரின் கம்பவுண்டர் நின்றிருந்தார், சுற்றிலும் நோயாளிகளோடு வந்த சனம். “அங்க போனா எல்லாம் சொல்லிடுவாங்க” என்று வெற்றிச்செல்வி சொன்னாள். வேன் திரும்பி ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

அவள் மாடிப்படி வரைக்கும் போனாள். உள்ளே போகாமல் திரும்பி, எதிர்வாடையில் இருந்த எஸ்.டி.டி பூத்துக்கு ஓடினாள். திருச்சி ஆஸ்பத்திரியின் நம்பர் உறை மேலேயே இருந்ததைப் பார்த்து வைத்திருந்தாள். எடுத்த பெண், டாக்டரம்மா ரவுண்ட்ஸில் இருக்கிறார்கள், குழந்தை இன்னும் வந்து சேரவில்லை, வராத கேஸுக்கு எதையும் எழுதி வைக்க முடியாது என்று சொல்லி வைத்துவிட்டாள். கால் மணி கழித்து மறுபடி போட்டாள். லைனிலேயே இருங்கள் என்றார்கள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். லைன் அறுந்தது.

அதற்குள் நான்காம் கட்டிலுக்குப் புதுக் குழந்தை வந்திருந்தது. குன்னம் பக்கம், இரண்டு வயதுகூட நிரம்பாதது. அதன் கேஸ் ஷீட்டில் அதே இரண்டு ஊசிகள், அதே கையெழுத்து. கூட வேலை பார்த்த நர்ஸ் மருந்தை உறிஞ்சி டிரேயில் வைத்திருந்தாள். வெற்றிச்செல்வி அந்தத் தாயிடம் குழந்தை கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான் என்று கேட்டாள். இப்பத்தான் பாயையே நனைத்துவிட்டான் என்றாள் அவள். பரவாயில்லை, இவனுக்கு நீர் போகிறது. ஆனால் நாளைக்கு? நாளை மறுநாள்? யார் கேட்பார்கள்?

டிரேயைத் தூக்கிக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனாள். நான்காம் கட்டிலுக்கு இந்த ஊசி வேண்டாம் சார், தண்ணீர் ஏற்றிவிட்டுப் பார்ப்போம் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், எனக்கு இன்றைக்கு லீவு வேண்டும், நான் திருச்சிக்குப் போகிறேன் என்றாள்.

“திருச்சியில உனக்கு என்ன வேல?”

“என்ன போட்டோம்னு அவங்களுக்குத் தெரியணும் சார்.”

அறையில் இருந்த நோயாளி எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டர் ராசாங்கம் குரலை உயர்த்தவில்லை. “பதினெட்டு வருசமா இந்த ஊசியப் போடுறேன் வெற்றி. ஆயிரம் புள்ளைங்க நல்லாயிப் போயிருக்கு. ஒண்ணு ரெண்டுக்கு உடம்பு ஒத்துக்காது. அதுக்கு நீ போயி எழுதிக் கொடுத்தா நாளைக்கு இந்த வாசல்ல கல்லுதான் விழும்.” மேஜையில் கிடந்த சீட்டுகளை அடுக்கினார். “போறதுன்னா போ. திரும்பி வராத.”

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் ஏறிய வண்டியில் உட்கார இடமில்லை. வெள்ளைச் சேலையோடே கிளம்பியிருந்தாள், மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மனதில் கணக்குப் போட்டாள். வேன் பதினொன்றரைக்குப் போனது. ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அட்மிஷன் போட்டு, டாக்டர் வந்து பார்க்க இரண்டு மணியாகும். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது, கிருமி பரவியிருக்கும் என்றுதான் எந்த டாக்டரும் நினைப்பார். நினைத்தால் முதலில் எடுப்பது அந்த வகை ஊசியாகத்தான் இருக்கும். வேறு பேர், அதே வம்சம். ஏற்கெனவே போனது தெரியாமல் மேலே மேலே போடுவார்கள்.

பாடாலூர் தாண்டி, சிறுகனூருக்கு முன்னால் பின் சக்கரம் வெடித்தது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். தார் ரோட்டிலிருந்து அனல் மேலே எழும்பி வந்தது. வந்த இரண்டு வண்டிகள் நிற்காமல் போயின. மூன்றாவதாக ஒரு செங்கல் லாரியை வெற்றிச்செல்வி ரோட்டின் நடுவில் போய் நின்று கையைக் காட்டி நிறுத்தினாள். டிரைவர் திட்ட வாயெடுத்தவர் நர்ஸ் உடுப்பைப் பார்த்து அடங்கினார். ஒரு குழந்தை உயிர் விஷயம் என்று மட்டும் சொன்னாள். சாமிதுரை என்ற அந்த மனிதர் சமயபுரத்தில் இறக்க வேண்டிய லோடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கொள்ளிடம் பாலம் தாண்டிச் சத்திரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். 

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி மூன்று இருபது. இரண்டாம் மாடியில் தாழ்வாரத்தில் ஆசிப் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் தெளிந்து, டாக்டர்தான் அனுப்பினாரா என்று கேட்டான். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டர் அமிர்தவல்லிக்கு ஐம்பது வயதிருக்கும், குட்டையான உருவம். ருமைசாவின் கட்டிலருகில் நின்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நர்ஸ் ஒருத்தி மருந்துக் குப்பியின் மூடியை உடைத்துக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்விக்கு அந்தக் குப்பியின் லேபிள் தெரிந்தது. அமிகாசின். ஜென்டாமைசினின் அதே வம்சம்.

“மேடம், அதப் போடாதீங்க” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் மூச்சு வாங்கியபடி, பெரம்பலூரிலிருந்து வருவதாகவும், குழந்தைக்குத் திங்கள் முதல் புதன் வரை ஆறு ஜென்டாமைசின், ஒவ்வொன்றும் நாற்பது மில்லிகிராம், கூடவே டைக்ளோஃபெனாக் இரண்டு முறை என்றும் சொன்னாள். முதல் நாள் ஒரே ஒரு பாட்டில் டிரிப்ஸ்தான் ஏறியது, எடை பார்க்கவில்லை, செவ்வாய் மத்தியானத்திலிருந்து நீர் போகவில்லை, புதன் காலையே தாய் சொன்னார்கள். சொல்லச் சொல்ல டாக்டர் அமிர்தவல்லி எழுதினார். நர்ஸ் கையிலிருந்த குப்பியை வாங்கி அப்புறம் வைத்தார்.

“பதினோரு கிலோதான் இருக்கா” என்றார். பிறகு ஜுலைகாவிடம் திரும்பி, வீட்டில் இருந்தபோது ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டார். மெடிக்கலில் வாங்கிக் காய்ச்சல் மாத்திரை மூன்று நாள் கொடுத்ததாக அவள் சொன்னாள். அது என்ன மாத்திரை என்று அவளுக்குத் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது.

டாக்டர் தலையாட்டினார். வெற்றிச்செல்வியிடமும் ஜுலைகாவிடமும் சேர்த்தே அவர் பேசினார். உடம்பில் நீர் வற்றினால் கிட்னிக்கு ரத்தம் குறையும். காய்ச்சலுக்குப் போடும் சில மருந்துகள் அதை இன்னும் குறைக்கும். அந்த நேரத்தில் இந்த ஊசி போய்ச் சேர்ந்தால் கிட்னியிலேயே தங்கிப் புண்ணாக்கும். எடைக்கு மேல் போனால் இன்னும் கெடுதல். “ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்திருந்தா இந்தப் புள்ள தாங்கியிருக்கும்மா. எல்லாம் ஒண்ணா வந்துருச்சு.” பிறகு தணிந்த குரலில் வெற்றிச்செல்வியிடம், இதற்கு முன் அங்கே இப்படி ஆகியிருக்கிறதா என்று கேட்டார். ஆகியிருக்கிறது மேடம் என்றாள்.

டாக்டர் போன பிறகு ஜுலைகா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். துப்பட்டா தலையிலிருந்து நழுவியதைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

“அந்த ஊசிதானா?”

“ஆமாங்க.”

“நீங்கதானே போட்டீங்க?”

“நான்தாங்க போட்டேன். ஆறும் நான்தான் போட்டேன். நீங்க சொன்ன அப்புறமும் ரெண்டு போட்டேன்.”

ஜுலைகா அழுவாள், கத்துவாள், அடிப்பாள் என்றெல்லாம் நினைத்துக் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள் வெற்றிச்செல்வி. ஜுலைகா எதுவும் செய்யவில்லை. திரும்பிப் போய் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, வாய்க்குள் துஆ ஓதத் தொடங்கினாள். ஆசிப்தான் அருகே வந்து, இனி இங்கே நிற்க வேண்டாம், போய்விடுங்கள் என்றான். அவள் தாழ்வாரத்துக்கு வந்தாள். படியிறங்கினாள். கீழே தண்ணீர்க் குழாய் வரை போனாள். வெளிவாசல் தெரிந்தது. அதைத் தாண்டக் கால் வரவில்லை. மறுபடி மேலே ஏறி, கதவுக்கு வெளியே சுவரோரமாக நின்றுகொண்டாள்.

ஐந்து மணிக்கு ஒரு நர்ஸ் ஜுலைகாவிடம் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாள். முழுக்க இங்கிலீஷ். ஆசிப் வாங்கிப் பார்த்தான், பத்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டயாலிசிஸ் என்ற ஒரு சொல் மட்டும் புரிந்து, முகம் வெளுத்தது. லப்பைக்குடிக்காட்டில் அந்தச் சொல்லைக் கேட்ட பெரியவர்கள் யாரும் அதற்குப் பிறகு அதிக நாள் இருந்ததில்லை. அத்தான் வரட்டும், அத்தானைக் கேட்காமல் போடாதே என்று அக்காளிடம் சொன்னான். நர்ஸ், நேரமில்லை, ரத்தத்தில் உப்புச் சத்து ஏறிக்கொண்டே போகிறது, நெஞ்சு நின்றுவிடும் என்றாள்.

ஜுலைகா காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெற்றிச்செல்வி அங்கேயே நிற்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. காகிதத்தை நீட்டினாள்.

“படிச்சுச் சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்காமச் சொல்லுங்க.”

வெற்றிச்செல்வி வரிக்கு வரி படித்துத் தமிழில் சொன்னாள். தொப்புளுக்குக் கீழே சின்னதாகக் கீறிக் குழாய் விடுவார்கள். அது வழியாக வயிற்றுக்குள் ஒரு நீரை விட்டு, ஊறவைத்து, வெளியே எடுப்பார்கள். அந்த நீரோடு ரத்தத்தில் சேர்ந்த கழிவு வந்துவிடும். இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்வார்கள். கிருமி தொற்றலாம், ரத்தம் கசியலாம், குடலில் குழாய் படலாம். உயிருக்கு ஆபத்து வரலாம் என்றும் எழுதியிருந்தது. அதையும் சொன்னாள்.

“போடாம இருந்தா?”

“நாளைக்குத் தாங்காது.”

“போட்டா பொழச்சுக்குமா?”

வெற்றிச்செல்விக்கு ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. நேற்று இப்படித்தான் தானா போயிடும் என்று சொன்னாள். “தெரியலங்க. பெரியவங்களுக்கு வர்ற மாதிரி இது நாள்பட்டு வந்ததில்ல. திடீர்னு வந்தது. கிட்னிக்கு ரெஸ்ட் கொடுத்தா நெறையக் கொழந்தைங்களுக்குத் திரும்பி வேல செய்யுதுன்னு படிச்சிருக்கேன். இவளுக்குச் செய்யும்னு என்னால சொல்ல முடியாது. எம்புள்ளயா இருந்தா நான் கையெழுத்துப் போட்டுருவேன்.”

ஜுலைகா அவள் கையிலிருந்த பேனாவை வாங்கிச் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போகும்போது, “அவ காலப் புடிச்சுக்க ஆளு வேணுமாம். வாங்க” என்றாள்.

மூன்று நாளும் வெற்றிச்செல்வி அங்கேயே இருந்தாள். யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. உள்ளே விட்ட நீரையும் வெளியே வந்த நீரையும் அளந்து எழுதினாள். அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள் முதலில் முறைத்தார்கள், பிறகு அளவு ஜாடியை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். ஜுலைகா அவளோடு தேவைக்கு மேல் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அப்துல் லத்தீப் போனில் வரும் நேரத்துக்கு ஆசிப் ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தான். அத்தான் அந்த டாக்டரைச் சும்மா விட மாட்டேன் என்று சொன்னதாக வெற்றிச்செல்வியின் காதுபடவே சொன்னான். அவள் குனிந்து அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குழாயை எடுத்தார்கள். யூரியா இறங்கியிருந்தது, ஆனால் சிறுநீர்ப்பை காலியாகவே இருந்தது. இனி கிட்னியே முடிவு செய்ய வேண்டும் என்றார் டாக்டர் அமிர்தவல்லி. திங்கட்கிழமை முழுக்க அந்த அறையில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஆசிப் மாடிப்படியில் ஏறி இறங்கினான். ஜுலைகா மகளின் துணியைக் கால் மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தாள். செவ்வாய் காலை பத்து மணிக்கு மேல், கண்ணைத் திறந்த ருமைசா, அம்மா ஒண்ணுக்கு வருது என்றாள். ஜாடியில் பிடித்தார்கள். முப்பது மில்லி, தேயிலை நிறத்தில். அதைப் பார்த்து ஜுலைகா அந்த எட்டு நாளில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அடுத்த நாள் இருநூறு. அதற்கடுத்த நாள் போக ஆரம்பித்தது நிற்கவே இல்லை. போன அளவுக்குத் தண்ணீர் கொடுக்க ஓடவேண்டியிருந்தது.

வெற்றிச்செல்வி செவ்வாய் மத்தியானமே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவளுடைய அசல் சர்டிபிகேட்டுகள் நர்சிங் ஹோம் பீரோவில் இருந்தன. டாக்டர் ராசாங்கம் தானே எடுத்து வந்து கொடுத்தார். நாலைந்து நாளில் முகம் ஒடுங்கியிருந்தது. டாக்டர் அமிர்தவல்லி அவருக்குப் போன் செய்திருந்தார். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நீர் போகத் தொடங்கிவிட்டது சார் என்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். திரும்பி வா என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பிறகு அங்கே வார்டு வாசலில் எடை மெஷின் ஒன்று வந்திருப்பதாக மதுரைவீரன் சொன்னார். அந்த ஊசி நின்றுவிட்டதா என்று அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

செட்டிகுளத்துக்கு ஒரு நாள் போனாள். இராமலிங்கத்தின் வீடு பூட்டியிருந்தது. புருஷனும் பெஞ்சாதியும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஒன்றுமில்லை அவளை நாள்கணக்கில் உறுத்திக்கொண்டிருந்தது.

அரியலூரில் வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் கழித்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஜுலைகாவைப் பார்த்தாள். கூட அப்துல் லத்தீப்பும் ருமைசாவும் இருந்தார்கள். குவைத்தை விட்டுவிட்டு ஊரோடு வந்து கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். டாக்டர் மேல் கேஸ் எதுவும் போடவில்லை. போடத்தான் நினைத்தார்கள், பிள்ளை எழுந்து நடந்ததும் அலைய மனம் வரவில்லை. ருமைசா இரண்டாம் வகுப்பு. ஆறு மாதத்துக்கொருமுறை திருச்சிக்குப் போய்ப் பிரஷரும் சிறுநீரும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், காலம் பூராவும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

ஜுலைகா சாதாரணமாகத்தான் பேசினாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கணவரிடம் இவர் யார் என்று சொல்லும்போது மட்டும் சற்றுத் தயங்கி, “திருச்சியில கூட இருந்த சிஸ்டர்” என்றாள். பிறகு வெற்றிச்செல்வியைப் பார்த்து, “எங்க நாத்தனா புள்ளைக்குக் காய்ச்சல்னு போன வாரம் கொண்டு போனாங்க. எந்த ஊசி போட்டாலும் பேர எழுதி வாங்கிக்கன்னு சொல்லி அனுப்புனேன்” என்றாள்.

லப்பைக்குடிக்காட்டுப் பஸ் வந்து நின்றது. சனம் முண்டியடித்தது. அப்துல் லத்தீப் முதலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து, மகளை மேலே தூக்கிவிடச் சொல்லி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். ஜுலைகாவின் கையில் பைகள் இருந்தன. வெற்றிச்செல்விதான் குனிந்து ருமைசாவைத் தூக்கினாள். ஏழு வயதுக்கு ஒல்லிதான், ஆனாலும் கனத்தாள்.